பயிருக்கு வந்த நோயை உழவர் குழுவில் கேட்கலாமா?

கடைமடை எழுதியது:
சென்ற சம்பாவில் நட்ட 20-ஆம் நாள் நெற்பயிர் மஞ்சளித்தது. உழவர்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். பத்து நிமிடத்தில் ஏழு பதில்கள். தழைச்சத்துக் குறைவு, யூரியா போடுங்கள் என்று நான்கு பேர் அடித்துச் சொன்னார்கள். போட்டேன். மஞ்சள் போகவில்லை, இலைகளில் துருப்பிடித்தது போலப் பழுப்புப் புள்ளிகள் வந்தன. வேளாண் அலுவலர் வயலில் இறங்கிப் பார்த்து, துத்தநாகக் குறைபாடு என்றார். துத்தநாக சல்பேட் தெளித்த பிறகே பயிர் தெளிந்தது. அதற்குள் 12 நாட்கள் வீண். வயலை மிதிக்காதவர் மருந்து சொல்லக் கூடாது.

சோளக்கொல்லை எழுதியது:
உங்கள் வேதனை புரிகிறது அண்ணா. ஆனால் 2018-ஐ நினைத்துப் பாருங்கள். மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அதே ஆண்டில் எங்கள் பெரம்பலூர் மக்காச்சோளத்துக்கும் வந்துவிட்டது. என் அப்பா அதைக் கண்டதே இல்லை. உரக்கடைக்காரரும் விழித்தார். தலையில் கவிழ்த்த கவட்டை போல வெளிர் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். யாரோ ஒரு விவசாயி அனுப்பிய படத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். குழு இல்லையென்றால் குருத்து முழுவதும் போயிருக்கும்.

கடைமடை எழுதியது:
புழுவுக்கு முகம் இருக்கிறது தம்பி, மஞ்சளுக்கு இல்லை. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலைகள் முதலில் வெளுக்கும். கந்தகம் குறைந்தால் இளம் இலைகள். துங்ரோ என்றால் பச்சைத் தத்துப்பூச்சி கொண்டுவந்த வைரஸ், அதற்கு உரமே மருந்தில்லை. படத்தில் எல்லாம் ஒரே மஞ்சள்தான். சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியோ தூரில் இருக்கும். தூரை விலக்கிப் பார்க்காமல் இலையைப் படம் எடுத்து என்ன பயன்? அங்கே யூரியாவை அள்ளிப் போட்டால் புகையான் இன்னும் பெருகும்.

களத்துமேடு எழுதியது:
ஐயா, இப்போது நீங்கள் எழுதிய இந்த நாலு வரிதான் அந்தக் குழுவுக்கு அன்று வேண்டியிருந்தது. நட்டு எத்தனை நாள், வெளுத்தது அடியிலையா குருத்தா, கடைசியாக என்ன உரம் போட்டீர்கள் என்று படத்தோடு எழுதினீர்களா? பதில் சொன்னவர்களாவது கேட்டார்களா? எங்கள் குழுவில் வெறும் படத்துக்கு மருந்து சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, முதலில் கேள்விதான். மருந்து அடித்தவர் பத்தாம் நாள் மறுபடி படம் போட வேண்டும், பலிக்காவிட்டாலும். அம்மா சொன்ன பக்குவத்தைவிட நான் அதிகம் கற்றது அந்தப் பலிக்காத படங்களில்தான்.

கடைமடை எழுதியது:
உண்மையைச் சொல்கிறேன். ஏழு பேரில் ஒரு பெண் மட்டும் "இலையில் புள்ளி இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. அது என் தவறுதான். ஆனால் நான்கு பேர் ஒரே குரலில் சொல்லும்போது ஒருவரின் கேள்வி எப்படிக் காதில் விழும்? அந்த நால்வரில் ஒருவர்கூட, பயிர் என்ன ஆயிற்று என்று இன்றுவரை விசாரிக்கவில்லை.