மாநில மக்கள்தொகை அட்டவணைக்கு ‘இனக்கலப்பு’ சரிவருமா?

ஈரோட்டிலிருந்து

எல்லோருக்கும் வணக்கமுங்க. புவியியல் துணைநூல் ஒன்று தமிழாகிறது. அமெரிக்க மாநிலம் ஒவ்வொன்றுக்கும் ‘ரேஷியல் அண்ட் எத்னிக் காம்போசிஷன்’ என்று, மக்களில் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு எனக் காட்டும் ஓர் அட்டவணை வருகிறது. முதல் வரைவில் ‘இனக்கலப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். அது வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ‘இனவழிப் பகுப்பு’ என்று வைக்கலாமா? மொழிவழி மாநிலம் என்று 1956-லிருந்தே சொல்லிப் பழகிய அமைப்புதான். மொழிவழி, சமயவழி, இனவழி என்று ஒரே அச்சில் வார்த்துக்கொள்ளலாம். வரிசைத் தலைப்புகளுக்கும் சொல் வேண்டும்.

கோவையிலிருந்து

‘இனக்கலப்பு’ ஏன் ஆகாது என்பதை முதலில் பதிவு செய்துவிடலாமுங்க. அதே அட்டவணையில் ‘டூ ஆர் மோர் ரேசஸ்’ (இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனங்கள்) என்றொரு வரிசை இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் நாடு முழுக்க அது 10.2 விழுக்காடு. மேலே தலைப்பு ‘இனக்கலப்பு’, கீழே 10.2 என்றால் படிக்கிற பிள்ளை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அந்த வரிசைக்குக் ‘கலப்பினத்தவர்’ என்று எழுதுவதும் கூடாது. நம் பக்கம் கலப்பினம் என்றால் சந்தைக்கு வருகிற ஜெர்சி மாடு.

அந்த எண்ணின் கதையும் கவனிக்க வேண்டியது. 2010-ல் 90 லட்சம் பேர். 2020-ல் 3 கோடியே 38 லட்சம். பத்தாண்டில் அத்தனை பேர் புதிதாகப் பிறந்துவிடவில்லை. படிவத்தில் எழுதி நிரப்பும் இடம் கூடியது, எழுதியதைக் குறியீடாக மாற்றும் முறையும் மாறியது. பெருக்கத்தில் பெரும்பங்கு அதனால் வந்ததே. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம் என்பதே 2000-லிருந்துதான். ஆகவே ‘ஒன்றுக்கு மேற்பட்ட இனம் குறித்தோர்’ என்பதே சரி. நீளம்தான், ஆனால் ‘குறித்தோர்’ என்பதை வெட்டாதீர்கள். இது ரத்தப் பரிசோதனை முடிவு அல்ல, படிவத்தில் அவரவர் போட்ட குறி.

அதே காரணத்தால் ‘ரேஸ்’ என்பதற்கு ‘மரபினம்’ வேண்டாம். மரபணுவைத் தொட்டுக்கொண்டு நிற்கிற சொல் அது. இந்த வகைகளை அறிவியல் பகுப்பாகவோ மானிடவியல் பகுப்பாகவோ கொள்ளக்கூடாது என்று 1977-ல் இவற்றை வகுத்த அமெரிக்க அரசின் நெறிமுறையே சொல்கிறது. வெறும் ‘இனம்’ போதும்.

கோபியிலிருந்து

கோவை அண்ணா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இனவழிப் பகுப்பு’ வேண்டவே வேண்டாமுங்க. பத்தி ஒடிகிற இடத்தில் ‘இனவழிப்’ என்று வரி முடிந்து, ‘பகுப்பு’ அடுத்த வரிக்குப் போனால் கண்ணுக்கு என்ன தெரியும்? ‘இனவழிப்பு’. ஈழத்தமிழர் அந்தச் சொல்லை என்ன பொருளில் எழுதுகிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மொழிவழிக்கும் சமயவழிக்கும் இந்த ஆபத்து இல்லை, இனத்துக்கு மட்டும் இருக்கிறது. தட்டச்சில் ஒரு ‘ப்’ இடம் மாறினாலே பாடப்பக்கம் விபரீதமாகிவிடும்.

‘இனக்குழு அமைப்பு’ என்றும் யாராவது சொல்வார்கள். இனக்குழுச் சமூகம் என்றால் தமிழ் ஆய்வுலகில் வேட்டையும் மேய்ச்சலுமாக இருந்த பழங்குடிச் சமூகம். டெக்சாஸ்காரரை அதில் சேர்க்க முடியாது. ‘கூட்டம்’ என்கிற சொல்லோ நம் பக்கத்தில் குலப்பிரிவைக் குறிப்பது, கல்யாணப் பேச்சில் முதலில் கேட்பது. அதையும் தொடாதீர்கள்.

என் முன்மொழிவு: இனச் சேர்மானம்.

கோவையிலிருந்து

சேர்மானம் நல்ல சொல்தானுங்க, ஆனால் லேகியத்துக்கும் மசாலாவுக்கும் போய்விட்டது. ‘காம்போசிஷன்’ என்பதற்கு வேதியியலில் ‘இயைபு’ ஏற்கெனவே நிலைத்த சொல். ஒரு முழுப்பொருள் எந்தெந்தக் கூறுகளால், எந்தெந்த விகிதத்தில் ஆனது என்பதுதானே அங்கும் இங்கும் கேள்வி? ‘மக்கள் இயைபு’ என்று வைத்துக்கொண்டு முன்னால் ‘இனவாரி’, ‘மொழிவாரி’, ‘சமயவாரி’ சேர்க்கலாம். இயைபுத் தொடை நினைவுக்கு வரும் என்பார்கள். வரட்டும், யாப்பிலக்கண வகுப்பில் யாரும் கலிஃபோர்னியாவைப் படிப்பதில்லை.

இனி அட்டவணைக்குள் நடக்கிற பிழை. கலிஃபோர்னியா, 2020. இனம் மட்டும் வைத்துப் பார்த்தால் வெள்ளையர் 41.2, ஆசியர் 15.4, கறுப்பினத்தவர் 5.7, பிற இனம் 21.2, ஒன்றுக்கு மேற்பட்டது 14.6, மிச்சம் இரண்டு சிறு வகைகள். இது தன்னளவில் நூறாகிவிடுகிறது. தனியாக இன்னொரு கேள்வி: இசுபானிய (ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின்) வழியினரா, இல்லையா? அதற்கு ஆம் என்றவர்கள் 39.4. இவர்கள் மேலே சொன்ன இனங்கள் எல்லாவற்றிலும் ஏற்கெனவே இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் இதையும் ஒரு வரிசையாக அடியில் ஒட்டினால் கூட்டுத்தொகை 139-ஐத் தாண்டும். பல இடங்களில் அச்சாகியே வருகிறது.

இரண்டாவது வகை அட்டவணையில் இசுபானியரை முதலில் தனியே எடுத்துவிடுவார்கள்: இசுபானிய வழியினர் 39.4, மற்றவர்களில் வெள்ளையர் 34.7, ஆசியர் 15.1, கறுப்பினத்தவர் 5.4, ஒன்றுக்கு மேற்பட்டது 4.1, மற்ற மூன்றும் சேர்த்து 1.3. இது சரியாக நூறு. வெள்ளையர் 41.2-ஆ, 34.7-ஆ என்று கேட்டால் இரண்டும் சரி. ஒன்றில் ‘வெள்ளையர், இசுபானியர் உட்பட’ என்றும் மற்றதில் ‘இசுபானியர் அல்லாத வெள்ளையர்’ என்றும் எழுத வேண்டும். கட்டத்தில் இடம் இல்லை என்று ‘வெள்ளையர்’ என மட்டும் சுருக்கினால் அட்டவணை பொய்யாகிவிடும்.

‘எத்னிசிட்டி’க்குப் பெரிய சொல் தேடி அலைய வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். அந்தப் படிவத்தில் அது இசுபானியரா என்கிற ஒற்றைக் கேள்வி மட்டும். 2024 மார்ச்சில் நெறிமுறையைத் திருத்தி, இரண்டு கேள்வியையும் ஒன்றாக்கிவிட்டார்கள். மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வழியினருக்குத் தனி வகையும் வந்துவிட்டது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தால் ‘ரேஸ்’, ‘எத்னிசிட்டி’ என்று இரண்டு தனி அட்டவணைக்கு வேலை இருக்காது.

கோபியிலிருந்து

‘வாரி’ தமிழில்லையே ஐயா? பாரசீக வழியில் வந்த ஒட்டு.

கோவையிலிருந்து

ஆமாங்க. வகுப்புவாரி உரிமை என்று நீதிக்கட்சிக் காலத்திலிருந்து எழுதுகிறோம். வார்டுவாரி, மாவட்டவாரி இல்லாமல் தாலுகா ஆபீஸில் ஒரு பட்டியல் நகராது. அதற்குப் பதில் வைத்த ‘வழி’ என்ன செய்தது என்று நீங்களே காட்டிவிட்டீர்கள்.

சேலத்திலிருந்து

ஒரு எச்சரிக்கை. ‘இனவாரி மக்கள் இயைபு’ அமெரிக்க அட்டவணைக்குச் சரி. அதே நூலில் தமிழ்நாட்டுப் பக்கத்துக்கும் அதே தலைப்பை ஒட்டிவிடாதீர்கள். இங்கே கணக்கெடுப்பில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. சமயம், தாய்மொழி, பட்டியல் சாதியா பட்டியல் பழங்குடியா என்பவை உண்டு. எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்டது 1931-ல்தான் கடைசி. 2027 கணக்கெடுப்பில் மறுபடி கேட்கப்போகிறார்கள். 2011-ல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01, பழங்குடியினர் 1.10 விழுக்காடு. இதை ‘இனம்’ என்று தலைப்பிட்டால், இனச்சான்று என்று கேட்டுப் பழகிய நம் ஊரில் சாதியாகப் படிப்பார்கள். வெளியூரில் வேறாகப் படிப்பார்கள்.

தாய்மொழியையும் இனமாக்கக் கூடாது. கோவை, ஈரோடு நெசவுத் தெருக்களில் வீட்டுக்குள் கன்னடமும் தெலுங்கும் பேசும் தேவாங்கர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். மொழிவாரியில் ஒரு பக்கம் விழுவார்கள், மற்றபடி இந்த மண்ணின் ஆட்கள்.

இன்னொன்று ‘மலையாளி’. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் அது தமிழ் பேசும் பழங்குடியின் பெயர். கேரளத்தவர் அல்ல. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேலம், தருமபுரி போன்ற குறிப்பிட்ட பழைய மாவட்டங்களைச் சொல்லித்தான் சேர்த்தார்கள். அன்றைய கோயமுத்தூர் மாவட்டம் அதில் இல்லை. அதனால் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் இருக்கும் அதே மக்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். சான்று கேட்டு அவர்கள் போராடுவது இதனால்தான். மலை ஒன்று, பெயர் ஒன்று, மாவட்டக் கோடு மாறினால் எண் மாறுகிறது. ஆகவே ‘மலையாளிப் பழங்குடியினர்’, ‘மலையாளம் தாய்மொழியாகக் கொண்டோர்’ என்று இரண்டையும் முழுசாக எழுதுங்கள்.

அதே மாதிரி அமெரிக்க அட்டவணையில் ‘இந்தியர்’ என்று தனியே விடாதீர்கள். ‘அமெரிக்கன் இந்தியன்’ என்பதற்கு ‘அமெரிக்கத் தொல்குடியினர்’. ஆசியருக்குள் வரும் நம்மாட்களுக்கு ‘இந்திய வழியினர்’. செவ்விந்தியர் என்று பழைய கதைப்புத்தகம் சொன்னதை விட்டுவிடலாம்.

ஈரோட்டிலிருந்து

தொகுத்து வரைவில் ஏற்றிவிட்டேனுங்க. அமெரிக்கப் பக்கங்களுக்கு ‘இனவாரி மக்கள் இயைபு, 2020’. இசுபானியரைத் தனியே எடுத்த இரண்டாவது வகை அட்டவணை மட்டும். தமிழ்நாட்டுப் பக்கத்தில் ‘சமயவாரி’, ‘மொழிவாரி’ இரண்டு அட்டவணை. பட்டியல் சாதி, பழங்குடி விவரம் மூன்றாவதாகத் தன் பெயரிலேயே. ‘இனவழி’யை எடுத்தாயிற்று. ஹவாய்ப் பக்கம் மட்டும் பாக்கி: அங்கே பூர்வகுடி ஹவாய் மக்களையும் மற்றப் பசிபிக் தீவினரையும் ஒரே வரிசையில் போட்டிருக்கிறார்கள். ‘ஹவாய்த் தொல்குடியினரும் பசிபிக் தீவினரும்’ என்று வைத்தால் கட்டத்துக்குள் அடங்கவில்லை. எழுத்தைக் குறைக்காமல் கட்டத்தை அகலமாக்கச் சொல்லியிருக்கிறேன்.