கார்ட்டிங்கில் 2 விநாடி பின்தங்குகிறேன்: குறை எனக்கா, வண்டிக்கா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசிவரிசை கேட்டது:

வணக்கம் மக்களே. கோவைப் பக்கம் ஒரு வாடகை கார்ட் (சின்ன ரேஸ் வண்டி) டிராக்குக்கு ஆபீஸ் கூட்டாளிகளோடு அவ்வப்போது போவது வழக்கம். எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் எப்போது போனாலும் முதலிடம், நான் எப்போது போனாலும் கடைசி. போன தடவை அவனுடைய சிறந்த லேப் (டிராக்கை ஒரு சுற்று வர ஆகும் நேரம்) 58.4 விநாடி, என்னுடையது 60.3. அவன் ஓட்டியது 12ஆம் நம்பர் வண்டி, எனக்குக் கொடுத்தது 7. அந்த 7 நேர்ப் பாதையில்கூட இழுக்கவே மாட்டேன் என்கிறது, சத்தம் மட்டும் பெரிதாக வருகிறது. இதைச் சொன்னால் "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்" என்று பழமொழி விடுகிறான். ஃபார்முலா 1 (எஃப்1) கார் ரேஸ் சாம்பியன் ஷூமேக்கருக்கு எந்த ஓட்டை வண்டியைக் கொடுத்தாலும் ஜெயிப்பார் என்பது அவன் கட்சி. எஃப்1 பார்க்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த டீமிடம் நல்ல வண்டி இருக்கிறதோ அதுதானே வருஷம் முழுக்க ஜெயிக்கிறது?

என் விஷயத்தில் ஓட்டுகிறவனையும் வண்டியையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எஃப்1ல் யாராவது பிரித்துப் பார்த்திருக்கிறார்களா? கூடுதல் தகவல்: நான் 88 கிலோ, அவன் 64. சிரிக்க வேண்டாம்.

பழைய மெக்கானிக்:

சிரிக்கவில்லை தம்பி, அது முக்கியமான தகவல். வாடகை கார்ட்டில் இருப்பது சிங்கிள் சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், பத்து குதிரைசக்திக்கு முன்னே பின்னே இருக்கும். அதற்கு 24 கிலோ பெரிய சுமை, வளைவிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் தெரியும். எஃப்1லேயே உயரமான ஓட்டுநர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று சொல்லித்தான் 2019ல் ஓட்டுநரும் சீட்டும் சேர்ந்து குறைந்தது 80 கிலோ, குறைந்தால் எடை ஏற்று என்று விதி கொண்டுவந்தார்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். வண்டியை மாற்றிக்கொள்ளுங்கள், நீங்கள் 12, அவர் 7. அதே நாளில் அடுத்தடுத்த செஷனில் செய்யுங்கள், வேறு நாளில் செய்தால் வெயில், டயர் தேய்மானம் எல்லாம் குறுக்கே வந்துவிடும். ஒரே ஒரு சிறந்த லேப்பைப் பிடித்துத் தொங்காமல், டயர் சூடான பிறகு வருகிற நாலைந்து லேப்பின் சராசரியை எடுங்கள்.

அப்புறம் அவருக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஒரு வளைவிலிருந்து வெளியே வாருங்கள். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் வெளியே வந்து, நேர்ப் பாதையில் மட்டும் இடைவெளி கூடிக்கொண்டே போனால் அது எஞ்சின் அல்லது எடை. வளைவுக்குள்ளேயே அவர் கழன்று போய்விட்டார் என்றால் எஞ்சினைத் திட்டிப் பயனில்லை.

பிட்வால்:

எஃப்1ல் இந்தச் சோதனை கிட்டத்தட்ட அப்படியே ஒரு தடவை நடந்திருக்கிறது, 2020 சாகிர் கிராண்ட் பிரீ. ஹாமில்டனுக்குக் கொரோனா வந்துவிட, அவருடைய மெர்சிடிஸ் டீம் வில்லியம்ஸ் டீமிலிருந்து ஜார்ஜ் ரஸ்ஸலைக் கடன் வாங்கியது. அதுவரை இரண்டு சீசனாக வில்லியம்ஸில் ஒரு புள்ளிகூட எடுக்காதவர். ஹாமில்டனுக்கு அளவெடுத்த காக்பிட், இவரோ நெட்டை, கால் நுழையாமல் ஒரு சைஸ் சின்ன ஷூவைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினார். குவாலிஃபையிங்கில் (ரேஸில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகும் சுற்றில்) மெர்சிடிஸின் இன்னொரு ஓட்டுநர் போட்டாஸைவிட வெறும் 0.026 விநாடி பின்னால், இரண்டாமிடம். ரேஸில் முதல் வளைவிலேயே முந்திவிட்டார்.

அதுவரை வாலில் ஓடிக்கொண்டிருந்தவரை ஒரே வாரத்தில் முன்வரிசைக்குக் கொண்டுவந்தது வண்டி. அதே வண்டியை வருஷம் முழுக்க ஓட்டிய போட்டாஸைப் பின்னால் தள்ளியது ஓட்டுநர். இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்தது.

ஆனால் அவர் ஜெயிக்கவில்லை. டயர் மாற்ற நிறுத்துகிற பிட்டில் போட்டாஸின் முன் டயர்களை எடுத்து ரஸ்ஸல் வண்டியில் மாட்டிவிட்டார்கள், மாற்றுவதற்காகத் திரும்பக் கூப்பிட்டார்கள். அப்புறமும் போட்டாஸை மறுபடி முந்தி, வேறு டீமின் பெரெஸைத் துரத்திக்கொண்டிருந்தபோது பஞ்சர். முடிவில் ஒன்பதாமிடம். ஜெயித்த பெரெஸ் முதல் லேப்பிலேயே இடிபட்டுக் கடைசிக்குப் போனவர். வண்டியா ஆளா என்று நாம் அடித்துக்கொள்கிறோம், டயர் மாட்டுகிற பையனை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சுங்கம் பைபாஸ்:

உங்கள் கூட்டாளி கட்சிக்கு நானும் ஒரு ஆள். 1993 டோனிங்டன். மழை. சென்னா நான்காவதாகக் கிளம்பி, முதல் வளைவுக்குள் ஐந்தாவதாகி, அந்த லேப் முடியும்போது முதலிடம். அவர் ஓட்டிய மெக்லாரன் அந்த வருஷத்தின் சிறந்த வண்டியே கிடையாது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பிட்வால்:

அற்புதமான லேப், மறுக்கவில்லை. மழையில் எஞ்சின் சக்தியை முழுசாக இறக்க முடியாது, அதனால் வண்டிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும், கை பேசும். ஆனால் அந்த வருஷப் பட்டம் யாருக்குப் போனது? வில்லியம்ஸ் ஓட்டிய புரோஸ்டுக்கு. அவர் 7 ரேஸ், சென்னா 5. ஒரு ஞாயிறு ஓட்டுநர் ஜெயிக்கலாம், 16 ஞாயிறு சேர்த்தால் வண்டி கழுத்தைப் பிடித்துவிடும்.

இன்னொன்று, ஜென்சன் பட்டன். 2008ல் ஹோண்டாவில் வருஷம் முழுக்க 3 புள்ளி. 2009ல் அதே டீம் பிரான் என்று பெயர் மாறி, இரட்டை டிஃப்யூசர் (வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடிக்க உதவும் பின்பக்க அமைப்பு) வைத்த வண்டியோடு வந்தது. முதல் 7 ரேஸில் 6ஐ ஜெயித்து உலக சாம்பியன். குளிர்காலத்தில் அவருக்கு என்ன புதிதாக ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள்?

ஹேர்பின்காரன்:

அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் புள்ளிப் பட்டியலை விட்டுவிட்டு, ஒரே டீமில் இருக்கிற இரண்டு பேரை மட்டும் ஒப்பிடுவார்கள். 1988 மெக்லாரன் 16ல் 15 ரேஸ் ஜெயித்தது, அதில் சென்னா 8, புரோஸ்ட் 7. வண்டி மட்டுமே காரணம் என்றால் 2023 ரெட்புல்லிலும் இப்படித்தான் பங்கு பிரிந்திருக்க வேண்டும். 22ல் 21 ரேஸ் ஜெயித்த வண்டி அது, வெர்ஸ்டாப்பனுக்கு 19, பெரெஸுக்கு 2.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. வண்டியை வருஷா வருஷம் மெருகேற்றும்போது வேகமானவனுடைய கைக்கு ஏற்ப அது போய்விடும். வெர்ஸ்டாப்பனுக்கு முன்பக்கம் சட்டென்று திரும்ப வேண்டும், பின்பக்கம் ஆடினால் கவலையில்லை. மற்றவர்களுக்கு அந்த வண்டி பேய். 2024ல் பெரெஸ் தேய்ந்து வெளியே போனார், 2025ல் லாசனை இரண்டே ரேஸில் மாற்றினார்கள். அத்தனை பேரும் ஓட்டத் தெரியாதவர்களா? அதனால் டீம்மேட் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வாடகை கார்ட்டில் இந்தத் தொல்லை இல்லை, யார் கைக்கும் அளவெடுத்துச் செய்ததில்லை.

சுங்கம் பைபாஸ்:

நம்ம ஊர் நரேன் கார்த்திகேயனையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2005ல் ஜோர்டான் வண்டி, இண்டியானாபோலிஸில் நான்காமிடம், 5 புள்ளி. அந்த சீசனில் வேறு எங்கும் புள்ளி இல்லை. அன்றைக்கு மிஷலின் டயர் போட்ட 14 வண்டிகளும் விலகிவிட, ஓடியதே 6 வண்டிதான். அதே ஆள், அதே வண்டி. புள்ளியை வைத்து அவரை எடை போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும்.

கடைசிவரிசை:

சனிக்கிழமை மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டோம். அவன் 7ல் 58.9. நான் 12ல் 59.8. ஆக இரண்டு பேருக்குமே 7ஆம் நம்பர் வண்டி அரை விநாடி மெதுவு, மேடை கொஞ்சம் கோணல்தான். மிச்சம் 1.4 விநாடி எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் என்னோடேயே வருகிறது. இதில் எடை எவ்வளவு, நான் எவ்வளவு? பின்னால் ஒட்டிப் பார்த்ததில் நேர்ப் பாதையிலும் கொஞ்சம் விலகுகிறான், ஹேர்பினில் (கொண்டை ஊசி வளைவில்) நிறைய விலகுகிறான்.

பழைய மெக்கானிக்:

ஹேர்பினில் என்ன செய்கிறீர்கள்? டயர் கிறீச்சிடுகிறதா? பின்பக்கம் வழுக்குகிறதா? பார்க்க வீரமாக இருக்கும், ஆனால் இந்தச் சின்ன எஞ்சினில் போன வேகம் திரும்பி வர நேரமாகும். வளைவு முடிந்து வெளியே வரும்போது எஞ்சின் சத்தத்தைக் கேளுங்கள், தொண்டை அடைத்த மாதிரி இறங்கி, மெதுவாக ஏறினால் அங்கேதான் உங்கள் விநாடி போகிறது. பிரேக்கைக் கொஞ்சம் முன்னாலேயே, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே அழுத்தி முடித்துவிடுங்கள். பிரேக்கிலும் ஆக்ஸிலரேட்டரிலும் ஒரே நேரத்தில் கால் வைக்காதீர்கள், கிளட்ச் சூடாகி இழுவை போய்விடும். 7ஆம் நம்பர் வண்டிக்கே அதுதான் வியாதியோ என்னவோ, வாடகைக்கு எடுக்கிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் மிதிக்கிறார்கள்.

எடைக்கு வழி இருக்கிறது. சில டிராக்குகளில் சீட்டுக்குப் பக்கத்தில் மாட்டுகிற ஈயக்கட்டி வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். உங்கள் கூட்டாளி வண்டியில் 20 கிலோ ஏற்றி ஒரு செஷன் ஓட்டச் சொல்லுங்கள். அவருக்கு லேப் நேரம் எவ்வளவு கூடுகிறதோ அது கிட்டத்தட்ட உங்கள் எடையின் பங்கு.

கடைசிவரிசை:

கேட்டேன். டிராக்கில் கட்டி இருக்கிறதாம். அவன்தான் முதுகுவலி என்கிறான்.