கே99 விண்ணப்பம்: கட்டுரை ஏற்கப்படும்வரை காத்திருக்கலாமா?

நுண்ணோக்கி (கேள்வி):
அமெரிக்காவில் சிறுநீரக அழற்சி குறித்து ஆய்வு செய்யும் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) நான். வரும் பிப்ரவரி 12 அன்று எனக்கு 3 ஆண்டு 1 மாத அனுபவம் ஆகியிருக்கும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்.-இன் கே99/ஆர்00 நல்கைக்கு (வழிகாட்டியிடம் பயிற்சி பெறும் கட்டம் கே99, பின்னர் சொந்த ஆய்வகம் நடத்தும் கட்டம் ஆர்00) அன்றே விண்ணப்பிக்க எண்ணியிருந்தேன். முதன்மைக் கட்டுரை இன்னும் இதழின் பரிசீலனையில் இருப்பதால், அது ஏற்கப்பட்ட பிறகு ஜூன் சுற்றில் அனுப்பலாம் என்கிறார் வழிகாட்டி. நான் விசாவில் இருப்பவள். காத்திருப்பது நல்லதா?

பழைய போஸ்ட்டாக்:
காத்திருக்க வேண்டாம். போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டுக்கு மேற்படக்கூடாது என்ற வரம்பு மறுவிண்ணப்பத்துக்கும் பொருந்தும். பிப்ரவரியில் அனுப்பினால், கோடையில் மதிப்பீடு நடந்து அறிக்கை கைக்கு வந்தபின் நவம்பர் 12-க்குள் திருத்தி அனுப்பலாம். அப்போது உங்களுக்கு 3 ஆண்டு 10 மாதம். ஜூனில் அனுப்பினாலோ மறுவிண்ணப்பம் மார்ச்சுக்குத் தள்ளிப்போய், 4 ஆண்டு 2 மாதம் ஆகிவிடும். (இந்த 4 ஆண்டுக்குள் குழந்தை பெற்றவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு.) என் முதல் விண்ணப்பத்தை மதிப்பீட்டுக் குழு விவாதிக்காமலே ஒதுக்கிவிட்டது, இரண்டாம் முறைதான் கிடைத்தது. கட்டுரையை முன்பதிப்பாக (இதழ் ஏற்கும் முன்பே பொதுவில் வெளியிடும் வடிவம்) இணையத்தில் இட்டு, விண்ணப்பத்தில் சுட்டுங்கள். 2017 முதல் என்.ஐ.எச். அதை ஏற்கிறது. குடியுரிமை நிபந்தனை இந்த நல்கைக்கு இல்லை.

குழுவில் இருந்தவன்:
இத்தகைய விண்ணப்பங்களை மதிப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டுரையைவிட நான் முதலில் தேடுவது, எது வழிகாட்டியின் ஆய்வு, எது உங்களுடன் புறப்பட்டு வரப்போகிறது என்பதைத்தான். கே99-இன் இரண்டு ஆண்டுகளில் கற்கப்போகும் திறன், ஆர்00-இன் மூன்று ஆண்டு ஆய்வுக்கு ஏன் இன்றியமையாதது என்பது விளங்க வேண்டும். ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தலை (ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று காணும் முறை) கற்கப்போவதாக எழுதிவிட்டு, முன்னோட்டத் தரவில் அதையே தேர்ந்த கையுடன் செய்து காட்டியிருந்தால், பயிற்சி எதற்கு என்ற கேள்வி எழும். எந்த எலி மரபுவகைகளை நீங்கள் எடுத்துச் செல்லலாம், எந்தக் கேள்விகளில் தாம் போட்டிக்கு வரமாட்டார் என்பதை வழிகாட்டி தம் கடிதத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டும். 'முழு ஆதரவு உண்டு' என்ற ஒற்றை வரியை நாங்கள் எண்ணற்ற முறை படித்திருக்கிறோம்.

புதிய ஆய்வகம்:
பணத்தைப் பற்றி ஒன்று. ஆர்00-இல் ஆண்டுக்கு 2,49,000 டாலர் வரை என்பது மறைமுகச் செலவும் (கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்கு நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்கு) சேர்ந்த மொத்தம். நீங்கள் சேரும் பல்கலைக்கழகத்தின் மறைமுகச் செலவு விகிதம் 60 விழுக்காடு என்றால், ஆய்வகத்துக்கு ஏறக்குறைய 1,55,600 டாலர்தான் நிற்கும். இந்த நல்கையைக் காட்டி, புதிய ஆய்வகம் அமைக்கத் தான் தரும் தொடக்க நிதியைக் குறைக்க நிறுவனத்துக்கு அனுமதியில்லை. ஆனாலும் ஒரு துறைத்தலைவர் என்னிடம் அப்படிப் பேசிப் பார்த்தார்.

நுண்ணோக்கி:
அனைவருக்கும் நன்றி. இன்று காலை மாதக்கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும் வழிகாட்டி பிப்ரவரிக்கே ஒப்புக்கொண்டார். எலிகளைப் பற்றிய பேச்சுதான் இன்னும் முடியவில்லை.