மறு: வாலடிலிட்டிக்குத் தமிழ்ச்சொல் – ‘அலைவு’, ‘உள்ளுறை அலைவு’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பங்கு விலை எவ்வளவு ஆடுகிறது என்பதன் அளவான வாலடிலிட்டிக்கு (volatility) நாம் இங்கே தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதை நாளிதழ்கள் பல ஆண்டுகளாக ‘ஏற்ற இறக்கம்’ என்றுதான் எழுதுகின்றன, எல்லோருக்கும் புரிகிறது, பிறகு எதற்கு இன்னொரு சொல் என்று கோவை ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சந்தைச் செய்தி படிக்கும் அளவுக்கு அந்தச் சொல் போதும். ஆப்ஷன் பக்கம், அதாவது குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களின் பக்கம், ஒரு படி இறங்கியதும் போதாமல் போகிறது.

2024 ஜூன் முதல் வாரத்தை எடுத்துக்கொள்வோம். மக்களவைத் தேர்தலின் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகள் வெளியான பிறகு, 3ஆம் தேதி திங்கட்கிழமை, பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. அதே நாளில், வாலடிலிட்டியைக் காட்டும் குறியீடான இந்தியா விக்ஸ் இறங்கியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி கிட்டத்தட்ட 6 விழுக்காடு விழுந்தது, விக்ஸ் இடையில் 30-ஐத் தாண்டியது. 5ஆம் தேதி நிஃப்டி மறுபடியும் 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது, விக்ஸோ 20-க்குக் கீழே வந்துவிட்டது. இப்போது 3ஆம் தேதிக்கும் 5ஆம் தேதிக்கும் ‘ஏற்ற இறக்கம்’ என்ற சொல்லை வைத்துச் செய்தி எழுதிப் பாருங்கள். “சந்தை ஒரே நாளில் 3 விழுக்காடு ஏறியது, ஏற்ற இறக்கம் இறங்கியது.” படிப்பவர் என்ன நினைப்பார்? சந்தை இவ்வளவு ஆடிய நாளில் ஏற்ற இறக்கம் எப்படிக் குறையும்?

குறைந்தது வேறொன்று. தேசியப் பங்குச் சந்தை 2008-இல் வெளியிடத் தொடங்கிய அந்த விக்ஸ் குறியீடு, நிஃப்டி எவ்வளவு ஆடியது என்பதைக் கணக்கிடுவதே இல்லை. அடுத்த 30 நாட்களில் எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் வாங்குபவர்களும் விற்பவர்களும் விலை வைத்திருக்கிறார்களோ, அந்த விலைகளிலிருந்து பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்கும் எண் அது. ஆக, நமக்கு வேண்டியவை இரண்டு பெயர்கள்: நடந்து முடிந்த ஆட்டத்துக்கு ஒன்று, விலைக்குள் ஒளிந்திருக்கும் எதிர்பார்ப்புக்கு ஒன்று. இரண்டும் ஒரே வேர்ச்சொல்லில் இருந்து கிளைக்க வேண்டும். கூடியது, குறைந்தது என்று சொன்னால் காதில் உறுத்தக் கூடாது. மேலே, கீழே என்ற திசை அதில் இருக்கக் கூடாது. இவை என் நிபந்தனைகள்.

இங்கே வந்த பரிந்துரைகளை இந்த நிபந்தனைகளோடு உரசிப் பார்த்தேன். ‘நிலையற்ற தன்மை’ ஓர் எதிர்மறை. “நிலையற்ற தன்மை 14” என்று எண்ணோடு சேராது. ‘கொந்தளிப்பு’ நல்ல சொல், ஆனால் அச்சம் கலந்தது. மாதக்கணக்கில் சந்தை அசையாமல் கிடக்கும்போதும் இந்த அளவுக்கு ஓர் எண் உண்டு, அதைக் ‘குறைந்த கொந்தளிப்பு’ என்று எழுத மனம் வரவில்லை. ‘வீச்சு’ சொன்ன அம்மாவுக்கு: பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் மிகப் பெரிய மதிப்பிலிருந்து மிகச் சிறிய மதிப்பைக் கழித்தால் கிடைப்பது வீச்சு. நமக்கு வேண்டியது, சராசரியிலிருந்து மதிப்புகள் எவ்வளவு விலகுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தின் பிள்ளை. பள்ளியில் ஒன்றுக்குப் படித்த பெயரை அதன் பக்கத்து வீட்டுக்காரருக்கு வைத்தால் மாணவர் குழம்புவார். ‘ஆவியாதல்’ வேதியியலோடு இருக்கட்டும்.

‘தளும்பல்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நிறைய நேரம் அதோடு இருந்தேன். திசை இல்லை, கூடும் குறையும், காதுக்கும் இனிமை. ஆனால் கூட்டுச்சொல் ஆக்கும்போது ‘தளும்பற் குறியீடு’ என்று புணர வேண்டியிருக்கிறது. அதை ஒரு தரகு அலுவலக ஊழியர் தொலைபேசியில் சொல்வாரா? மாட்டார்.

என் முன்மொழிவு: அலைவு.

இயற்பியல் ஆசிரியர்கள் உடனே தடுப்பார்கள் என்று தெரியும். தனி ஊசலின் அலைவுக்கு ஒழுங்கான கால அளவு உண்டு, பங்கு விலைக்கு அது ஏது என்பார்கள். சரிதான். ஆனால் ‘அலை’ என்ற வினை ஊசலுக்கு மட்டும் சொந்தமில்லை. போகும் இடம் தெரியாமல் திரிவதையும் நாம் அலைவது என்றுதான் சொல்கிறோம். விலையின் போக்கை அப்படிப்பட்ட திட்டமில்லாத நடையாகக் கணக்கில் எழுதிய லூயி பாஷ்லியேவின் பாரிஸ் ஆய்வேடு 1900-இல் வந்தது. ஆப்ஷனுக்கு விலை கணக்கிட 1973-இல் வந்த பிளாக்–ஷோல்ஸ் சூத்திரமும் அந்த நடையின் மேல்தான் நிற்கிறது. கால ஒழுங்கு ஊசலின் பண்பு, அலைதலின் பண்பு அல்ல. அதனால் இந்த எதிர்ப்பை ஏற்க முடியவில்லை.

அடுத்தது இம்ப்ளைடு வாலடிலிட்டி, அதாவது விலைக்குள் ஒளிந்திருக்கும் அந்த எதிர்பார்ப்பு. இதற்கு உள்ளுறை அலைவு என்கிறேன். சொல்லாமல் சொல்லும் பொருளுக்குத் தொல்காப்பியம் வைத்த பெயர் உள்ளுறை. பனி உருகும்போது வெப்பமானியில் தெரியாமல் உள்ளே போகும் வெப்பத்துக்கும் நம் பாடநூல்கள் உள்ளுறை வெப்பம் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கின்றன. ஆப்ஷனுக்குக் கொடுக்கும் விலையான பிரீமியத்துக்குள் இருப்பதும் அப்படித்தான். சந்தையில் விலை மட்டும் கண்ணுக்குத் தெரியும், சூத்திரத்தில் அந்த விலையைப் போட்டால்தான் அலைவு வெளியே வரும். நடந்து முடிந்ததற்கு ‘நிகழ்ந்த அலைவு’ போதும், விக்ஸுக்கு ‘அலைவுக் குறியீடு’. நிகழ்வு முடிந்த கையோடு உள்ளுறை அலைவு பொத்தென்று விழுவதை, வணிகர்கள் ‘ஐவி கிரஷ்’ (ஐவி: இம்ப்ளைடு வாலடிலிட்டி) என்பதை, ‘அலைவுச் சரிவு’ எனலாம்.

உதாரணம் ஒன்று போட்டுப் பார்த்தேன். நிஃப்டி 24,000, அலைவுக் குறியீடு 16. இந்த 16 என்பது ஆண்டு விழுக்காடு. ஆண்டுக்கு 252 வணிக நாட்கள் என்று கொண்டு, அதன் வர்க்கமூலமான ஏறத்தாழ 15.9-ஆல் வகுத்தால் நாளுக்கு 1 விழுக்காடு, அதாவது 240 புள்ளிகள். மூன்று நாட்களில் இரண்டு நாட்கள் போல நகர்வு இதற்குள் இருக்கும் என்று சந்தை விலை வைத்திருக்கிறது. மேலேயா கீழேயா என்று அது சொல்லவில்லை. “உள்ளுறை அலைவு 16, நிகழ்ந்த அலைவு 11” என்று எழுதினால், ஆப்ஷன் விற்பவர் அண்மையில் நடந்ததைவிட அதிக ஆட்டத்துக்குக் காசு வாங்குகிறார் என்பது ஒரே வரியில் விளங்குகிறது. ‘ஏற்ற இறக்கம்’ கொண்டு இதே வரியை எழுத முயன்றால் ஒரு பத்தி ஆகிறது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். மேற்கு மாம்பலத்தில் ஞாயிறு மாலை நடக்கும் முதலீட்டாளர் வகுப்புக்குத் தமிழில் குறிப்புகள் தயாரித்துக் கொடுக்கிறேன். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், வீட்டிலிருந்தே வணிகம் செய்யும் பெண்கள், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். “மார்க்கெட் வாலடைலா இருக்கு சார், ஆப்ஷன் வாங்க இதுதானே சான்ஸ்?” என்பதுதான் அங்கே ஓயாமல் வரும் கேள்வி. பட்ஜெட், தேர்தல், காலாண்டு முடிவு என்று எது வந்தாலும் முதல் நாளே, வாங்கும் உரிமை தரும் ஆப்ஷனான ‘கால்’ ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். முடிவு நன்றாகவே வருகிறது, பங்கு 1 விழுக்காடு ஏறுகிறது, ஆனாலும் கையிலிருக்கும் ஆப்ஷன் நட்டத்தில் நிற்கிறது. யாரோ ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறார்கள். உள்ளுறை அலைவு உச்சத்தில் இருந்தபோது வாங்கினார்கள், செய்தி வந்ததும் அது சரிந்தது, அவ்வளவுதான். ஆட்டம் அதிகம் என்று ஊருக்கே தெரிந்த நாளில் அந்த ஆட்டத்துக்கான விலையும் ஏறித்தான் இருக்கும். வாய்ப்பு என்று ஒன்று இருந்தால் அது இந்த இரண்டு அலைவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு அந்த வேறுபாட்டை நான் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

ஆப்ஷன் விற்கும் பக்கம் போனால், நாள் போகப் போகப் பிரீமியம் கரைவது சாதகம், ஆனால் 2024 ஜூன் 4 போல ஒரு நாள் வந்தால் பல மாத வருமானம் ஒரே காலையில் போய்விடும். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்கு சார்ந்த ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகம் செய்த தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தார்கள், மொத்த நட்டம் ரூ.1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் ஆய்வு வெளியிட்டது. அதில் தமிழ் மட்டுமே சரளமாகப் படிக்கும் நம் மக்களும் இருக்கிறார்கள். அவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு கையேடாவது நம் மொழியில் இருக்க வேண்டும்.

கால், அதன் எதிர்ப்பக்கமாக விற்கும் உரிமை தரும் புட் பற்றிச் சுருக்கமாக. எழுத்தில் ‘கால்’ என்றால் உடல் உறுப்பா, நான்கில் ஒன்றா என்ற குழப்பம் வருகிறது. ‘வாங்குரிமை’, ‘விற்புரிமை’ என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் கால், புட் என்றும் சேர்த்துக் குறிக்கலாம். பேச்சில் கால், புட் இருக்கட்டும், அதைப் பிடுங்க வேண்டாம். இன்ட்ரின்சிக் வேல்யூவுக்குச் சிலர் ‘உள்ளுறை மதிப்பு’ என்கிறார்கள். உள்ளுறை அலைவோடு மோதும் என்பதால் அதைத் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இன்றே உரிமையைப் பயன்படுத்தினால் கையில் வருவது என்பதால் ‘உடன்மதிப்பு’ பொருந்தும். பிரீமியத்தில் மீதி இருப்பது காலமதிப்பு.

ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பெயர் பிடிபடவில்லை. நிஃப்டியில் சந்தை விலையிலிருந்து ஒரே தொலைவில் இருக்கும் விற்புரிமைக்கும் வாங்குரிமைக்கும் உள்ளுறை அலைவு ஒன்றாக இருப்பதில்லை. பெரும்பாலும் விற்புரிமையில்தான் அதிகம், சரிவுக்குக் காப்பு தேடுபவர்கள் கூடுதல் விலை தரத் தயாராக இருப்பதால். ஸ்கியூ எனப்படும் இந்தச் சமமின்மைக்குச் ‘சாய்வு’ என்றால் கணக்கில் நேர்கோட்டின் சாய்வோடு இடிக்கிறது. ‘அலைவுக் கோட்டம்’ என்று வைக்கலாமா? புள்ளியியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
மேற்கு மாம்பலத்திலிருந்து