தனியாகப் படிப்பவர்கள் மனம் சோராமல் இருப்பது எப்படி?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் ஒட்டுசுட்டான் பக்கம். பகலில் கடையொன்றில் வேலை. அடுத்த உயர்தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத வேண்டும் என்பது என் பெரிய ஆசை. தமிழ், புவியியல், இந்து நாகரிகம் மூன்றும் எடுக்கிறேன்.

பாடம் விளங்குகிறது. தொடர்ந்து படிப்பதுதான் கஷ்டம். பள்ளிக்கூடம் என்றால் மணி அடிக்கும், தவணைப் பரீட்சை வரும், பக்கத்தில் இருப்பவள் படிப்பதைப் பார்த்தே எங்களுக்கும் வேகம் வரும். வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. ஐப்பசியில் மழை தொடங்கிக் காலபோக விதைப்பும் வந்துவிட்டால் எல்லோரும் வயலில்தான். அந்த நேரம் புத்தகத்தை மூடினால் மூடியதுதான், மறுபடி திறக்க மனம் வராது. அதுதான் பயமாக இருக்கிறது.

வேலை செய்துகொண்டே படித்து முடித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். இரவில் படித்தீர்களா, விடியப்புறமா? வேலை கூடிய கிழமைகளில் கடந்தகால வினாத்தாளில் ஒரு கேள்விக்காவது விடை எழுதிப் பார்த்தால் போதுமா? பெரிய அறிவுரை வேண்டாம், நீங்கள் உண்மையில் செய்ததைச் சொல்லுங்கள்.

மற்றது, மாங்குளம், முள்ளியவளை, புதுக்குடியிருப்புப் பக்கம் இதே பாடங்கள் படிக்கும் பெண் பிள்ளைகள் இருந்தால் ஞாயிறுகளில் சேர்ந்து படிக்கலாம். வாட்ஸ்அப்பில் என்றாலும் சரி.