புதுப்பிப்பு: குறட்டை விட்ட போர்வீரர்

சரித்திரப் படத்துல படைவீரனா நின்னப்போ, செத்த மாதிரி நடிச்சுக் கிடந்தவர் குறட்டை விட்டு ஷாட் கெட்டுச்சுன்னு முன்னாடி எழுதியிருந்தேன். அப்புறம் என்ன ஆச்சுன்னு நிறையப் பேர் கேட்டீங்க. யாரும் அவரைத் திட்டல. விடியற்காலை 3 மணிக்கே மேக்கப்புக்கு உட்கார்ந்த மனுஷன், மண்ணுல சாய்ஞ்சா தூக்கம் வரத்தானே செய்யும்! அடுத்த டேக்குல பக்கத்துப் பிணம் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டே கிடந்தார். மூச்சு கனத்தா மெல்ல ஒரு கிள்ளு. ஷாட் ஓகே!

வாள் நிஜமான்னும் கேட்டிருந்தீங்க. எங்க கூட்டத்துக்கு ரப்பர் வாள்தான், யாருக்கும் அடிபடக் கூடாதுல்ல. ஓடும்போது வளைஞ்சு ஆடும். இடைவேளையில கவசத்துக்குள்ள விட்டு முதுகு சொறிய அதைவிட நல்ல சாமான் கிடையாது.

ஒருத்தர் மணிக்கட்டுல வாட்ச் கட்டின தடம் வெள்ளையாத் தெரிஞ்சுது. அத்தனை பேர் நடுவுல அதைக் கண்டுபிடிச்சு ஓடிவந்து, மண்ணைக் குழைச்சுப் பூசிட்டுப் போனாங்க கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பொருந்துதான்னு பார்க்கிற அக்கா.