லைவ் ராக் தட்டுகளை 24/96-இல் ஏற்றும்போது உறுமல், பூஞ்சை, கிளிக்

சிப்புட்காரன்:
மலேசியாவின் சுங்கை சிப்புட், எஸ்டேட் பக்கம். தி ஹூ ராக் குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்', கூடவே இரண்டு இரட்டைத்தட்டு லைவ் ஆல்பம். கணினியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஏற்ற வேண்டும். தட்டெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தால் அடியில் ஓர் உறுமல், பேஸ் வேறு கொழகொழவென்று. டர்ன்டேபிளிலேயே ப்ரீஆம்ப் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்குவது) உண்டு, வெளியே ஃபோனோ பெட்டி என்று இன்னொரு ப்ரீஆம்பும் போட்டிருக்கிறேன். படபடப்பை ஆடாசிட்டியின் கிளிக் ரிமூவல் போட்டு எடுக்கலாமா?

ஊசிமுனை:
இரண்டு ப்ரீஆம்ப் எதற்கு தம்பி? தட்டு வெட்டும்போது குறைத்த பேஸை மீட்கும் ஆர்ஐஏஏ திருத்தம் இரண்டு தடவை விழுகிறது. 20 ஹெர்ட்ஸ் பக்கம் 19 டெசிபல் சும்மா ஏறிவிடும். டர்ன்டேபிள் பின்னால் உள்ள சுவிட்சை ஃபோனோவில் வையுங்கள், வெளிப்பெட்டி போதும். உறுமல் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சத்தமாக இருக்கும். மெல்லிய எர்த் வயரைப் பெட்டியின் திருகில் இறுக்குங்கள். போகாவிட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதியுங்கள்.

விண்டோஸா? ஆடாசிட்டியில் ஒலி உள்ளே வரும் வழியான ஹோஸ்ட்டை எம்எம்இ-யிலிருந்து வாஸாபிக்கு (WASAPI) மாற்றுங்கள். எம்எம்இ-யில் (MME) 16 பிட்தான் உள்ளே வரும். கோப்பு 24 என்று காட்டினாலும் நம்பாதீர்கள். பதிவு ஒலியின் உச்சம் -6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 20 நிமிடப் பக்கம் வேவ் (WAV) கோப்பாகச் சுமார் 690 எம்பி, பிறகு தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் (FLAC) ஆக்கிக்கொள்ளலாம்.

செம்மண்ரோடு:
முதல்ல கழுவுங்க லா, அப்புறம் பதியலாம். பூஞ்சை ஊசியில ஒட்டுனா ஹை ஃப்ரீக்வென்சி மங்கிடும். காய்ச்சி வடிச்ச தண்ணி மூணு பங்கு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டு சொட்டு. மைக்ரோஃபைபர் துணியால பள்ளம் போற திசையிலயே துடைங்க, லேபிள் நனையக்கூடாது. வெறும் வடிச்ச தண்ணியில இன்னொரு தடவை அலசணும். குழாய்த் தண்ணி வேணாம், உப்பு படியும். பழைய 78 ஆர்பிஎம் தட்டுல இந்தக் கலவை படவே கூடாது, அது செஞ்சிருக்குற ஷெல்லாக் பிசின் ஆல்கஹால்ல கரைஞ்சிடும். பழைய உள்ளுறையைத் தூக்கிப் போடுங்க, பூஞ்சை வித்து அதுலதான் உட்கார்ந்திருக்கும்.

ஊசிமுனை:
கிளிக் விஷயத்துக்கு வருகிறேன். லைவ் ஆல்பத்தில் கைதட்டலும் ஸ்நேர் டிரம் அடியும் மென்பொருளுக்குக் கிளிக் மாதிரியே தெரியும். கழுவியும் நிற்கும் பெரிய வெடிப்பை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் எடுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால், திருத்தியதன் அலைவடிவத்தைத் தலைகீழாக்கி (இன்வெர்ட்) அசலோடு கலந்து, மிஞ்சுவதைக் கேளுங்கள். அதில் டிரம்ஸ் கேட்டால் நீக்கிய அளவு அதிகம். நாய்ஸ் ரிடக்‌ஷன் பக்கமே போகாதீர்கள், கூட்டத்தின் இரைச்சல் தண்ணீருக்கடியில் போனது போலாகிவிடும்.

'லைவ் அட் லீட்ஸ்' தனிக் கதை. 1970-இல் வந்த முதல் பதிப்பின் லேபிளிலேயே, கரகரப்பு இருப்பது சரிதான், திருத்தாதீர்கள் என்று அச்சிட்டிருக்கும். அந்தக் கரகரப்பு மூல டேப்பிலேயே உள்ளது.

செம்மண்ரோடு:
இரட்டைத்தட்டுல பக்க எண்ணையும் பாருங்க. தட்டுகளைத் தானா அடுத்தடுத்து போடுற ஆட்டோ சேஞ்சருக்குன்னு 1-உம் 4-உம் ஒரே தட்டுல இருக்கலாம்.